ஏழு வரி அட்டை

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் அட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் தொங்கும் எண் அட்டைக்குப் பக்கத்தில் குச்சியும் கையுமாக நாள் முழுக்க நிற்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். கூட வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்: பிடித்தால் விடமாட்டாளாம். இரண்டும் உண்மைதான். பதினாறு வருஷமாகக் குழந்தைகள் பிரிவில் இருக்கிறாள். டாக்டரம்மா பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்து, எந்தக் கண்ணுக்கு எத்தனை வரி தெரிகிறது என்று எழுதி அனுப்புவது அவள் வேலை.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கும். நாலு வயசுப் பிள்ளையை நாற்காலியில் இரண்டு நிமிஷம் அசையாமல் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். ஒன்று அழும். ஒன்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடும். ஒன்று பெரிய மனுஷி மாதிரி எல்லாவற்றுக்கும் 'எட்டு' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகும். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும். அட்டையக்கா இரண்டிலும் கெட்டி. ஆனால் சோதனை என்று தொடங்கிவிட்டால் கறார். காத்திருக்கும் பிள்ளைகள் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் படிப்பதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்துவிடுவார்கள். கண்ணை உள்ளங்கையால் மூடக் கூடாது. விரலிடுக்கு எதற்கு இருக்கிறது? கரண்டி மாதிரி இருக்கும் கறுப்பு மறைப்பை அவளே பிடிப்பாள். வலது கண்ணுக்கு ஓர் அட்டை, இடது கண்ணுக்கு வேறோர் அட்டை. பின்னால் நின்று வாயசைக்கும் அம்மாக்களுக்கு வராந்தாதான். "பிள்ளைங்க பொய் சொல்லாதுங்க, ஜெயிக்கப் பாக்குங்க" என்பது அவள் அடிக்கடி சொல்வது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். இவள் விழுந்த பானை இவள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது.

உள்ளே விளக்கு எரியும் புது எண் பெட்டிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, பழைய அட்டைகளைக் கழித்துப் போட்டார்கள். அதில் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து வீட்டில் சமையலறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். மூலை கொஞ்சம் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். ஏழு வரிகள். மேலே ஒரே ஒரு எண், கைமுட்டி அளவு. கீழே வரவரச் சிறுத்து, ஏழாவது வரி எறும்பு சைஸில் இருக்கும். மகளுக்கு அப்போது இரண்டு வயது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த ஒற்றைப் பிள்ளை. ஆள் சின்னது, காரம் பெரிது என்பதால் அப்பா வைத்த பெயர் மிளகு.

மிளகு எண் கற்றுக்கொண்டது அந்த அட்டையில்தான். சாப்பாடு ஊட்டும்போது, தலை பின்னும்போது, சும்மா இருக்கும்போது அம்மா குச்சியால் தொட்டுக் காட்ட, மகள் ராகம் போட்டுச் சொல்லும். "ஏழு! நாலு ரெண்டு! ஒம்போது அஞ்சு மூணு!" மூன்று வயதில் ஏழு வரியையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகத் திரும்பிப் பார்க்கும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அந்தக் கச்சேரியைக் கேட்காமல் போனதில்லை.

நாலு வயது முடிந்ததும் அட்டையக்கா முறைப்படி மகள் கண்ணைச் சோதித்தாள். டேப் வைத்து அளந்தாள். வாசல் கதவிலிருந்து அட்டைக்குப் பதினெட்டு அடி. ஆஸ்பத்திரியில் வைக்கும் இருபது அடிக்கு இரண்டு குறைச்சல், பரவாயில்லை. சோற்றுக் கரண்டியால் இடது கண்ணை மறைத்தாள். ஏழு வரி. வலது கண்ணை மறைத்தாள். ஏழு வரி. தட்டினாள் கையை. ஐந்து வயதில் மறுபடி ஒரு தடவை, அதே அட்டை, அதே ஏழு, அதே கைதட்டல். ஒருநாள் மட்டும் வலது கண்ணை மறைத்திருக்கும்போது மிளகு நடுவில் நின்று, "தெரியலம்மா" என்றாள். "நல்லாப் பாரு, உனக்குத் தெரியாததா?" என்று அம்மா முகம் சுருங்கியது. மகள் அந்த முகத்தைப் பார்த்தாள், பிறகு மீதி வரிகளைச் சொல்லி முடித்தாள்.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் கண்ணாடியில் பின்னால் இருக்கும் பதினான்கு பிள்ளைகளையும் ஒரு பார்வையில் எண்ணுகிறவர். அவர்தான் முதலில் கவனித்தார். மிளகு வேனில் ஏறும்போது படியைத் தவறவிடுகிறாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகிறது. பந்து போட்டால் கைக்குப் பதில் மார்பில் வாங்குகிறாள். கண்ணை ஒரு தடவை டாக்டரம்மாவிடம் காட்டிவிடலாமே என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஒரு நாளைக்கு நாப்பது குழந்தைங்களப் பாக்குறவ நான். என் பிள்ளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்தவர்களிடம் தெரியாதவன் என்ன பேசுவது என்று அவர் வேனைத் துடைக்கப் போய்விட்டார்.

மிளகுக்கு ஆறு வயது பத்து மாதம் ஆனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிகளுக்குப் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதிக்கும் வரிசையில் மிளகின் பள்ளி வந்தது. சொந்தப் பிள்ளையைத் தானே சோதிக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி வேலைக்கு அட்டையக்காவே போட்ட விதி; வீட்டுக்கு அது கிடையாது. அதனால் மிளகை லென்ஸ் அண்ணனின் வரிசைக்கு அனுப்பினாள். அவர் அவளைவிட மூத்தவர். பேண்ட் பையில் எப்போதும் நாலு லென்ஸ் கிலுகிலுவென்று சத்தம் போடும். வகுப்பறையின் ஒரு பக்கச் சுவரில் அவர் அட்டை, எதிர்ப்பக்கச் சுவரில் இவள் அட்டை. இரண்டும் பள்ளிகளுக்கென்று எடுத்துப் போகிறவை. எண்கள் வேறு, வரிசை வேறு.

மிளகு இடது கண்ணை மறைத்துக்கொண்டு புது அட்டையை ஏழு வரியும் படித்தாள். லென்ஸ் அண்ணன் அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கத்தில் வேறு எண்கள். வலது கண்ணை மறைத்தார். மேலே இருந்த பெரிய எண்ணைக் கொஞ்சம் யோசித்துச் சரியாகச் சொன்னாள். இரண்டாவது வரியில் ராகம் தொடங்கியது.

"நாலு ரெண்டு. ஒம்போது அஞ்சு மூணு. ஆறு எட்டு ரெண்டு அஞ்சு."

லென்ஸ் அண்ணன் அட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "யம்மாடி, எந்தச் சுவத்தைப் பாத்துப் படிக்கிற நீ? இங்க அதுல ஒண்ணுகூட இல்லையே." கதவுக்கு வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். மிளகு நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் ஒரு எண் பிசகாமல் சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கைதட்டலுக்காக அம்மா இருக்கும் பக்கம் திரும்பினாள்.

எதிர்ச்சுவர் ஓரமாக அட்டையக்காவின் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. அவளுக்கு மட்டும்தான் அந்த ஏழு வரியும் எங்கே தொங்குகிறது என்று தெரியும். சோற்றுக் கரண்டியும் பதினெட்டு அடியும் கைதட்டலும் வரிசையாக வந்து நெஞ்சில் இடித்தன. அந்தப் பிள்ளை ஒரு நாளும் இடது கண்ணால் அட்டையைப் பார்க்கவில்லை. இரண்டு வயதிலிருந்து காதால் படித்ததை வாயால் சொல்லியிருக்கிறாள். ஆயிரம் அம்மாக்களை வராந்தாவுக்கு விரட்டியவள், தன் வீட்டில் ஐந்து வருஷம் மகளுக்குப் பின்னால் நின்று வாயசைத்திருக்கிறாள்.

மிளகிடம் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கண்ணில் சரியாகத் தெரியாதா என்று மெதுவாகக் கேட்டாள். மிளகு இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்து, வலது கண்ணைத் தொட்டாள். "இந்தக் கண்ணு பாக்குறதுக்கு. அது சும்மாம்மா. உனக்கு எது சும்மா?"

அடுத்த நாள் காலையில் அவள் முதல் தடவையாக, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மற்ற அம்மாக்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணின் கருமணியை விரிய வைக்கும் சொட்டு மருந்து போட்டார்கள். எரிகிறது என்று மிளகு அழுதாள். எரிச்சல் ஒரு நிமிஷம்தான் என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிற வாய்க்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை. டாக்டரம்மா இருட்டறையில் கீற்று விளக்கை அடித்து, லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். வலது கண்ணில் ஒன்றுமில்லை. இடது கண்ணுக்குப் பிறவியிலேயே ஆறு பவர் தேவைப்பட்டிருக்கிறது. கண்ணில் நோய் எதுவும் கிடையாது. மங்கலாக வரும் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மூளை அதை ஒதுக்கி, ஒதுக்கி, கடைசியில் அந்தக் கண்ணையே மறந்துவிட்டது. சோம்பேறிக் கண் என்பார்கள். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் ஒட்டு வைத்து மூடினால், வேறு வழியில்லாமல் மூளை சோம்பேறியை வேலைக்குக் கூப்பிடும். இதெல்லாம் அட்டையக்காவுக்குத் தெரியாததா? மற்ற பெற்றோருக்குப் படம் போட்டு விளக்குகிறவளே அவள்தான். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், அதை அவளால் கேட்க முடியவில்லை. டாக்டரம்மாவே சொன்னார்.

"நாலு வயசுல வந்திருந்தா நான் சிரிச்சிக்கிட்டே எழுதிக் குடுத்திருப்பேன். இப்ப ஏழு ஆகப் போவுது. வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பாப்போம். மூணாவது தடவைக்குள்ள ஏறிக்கிட்டே வரணும். நடுவுல நின்னுடுச்சுன்னா அதோட நின்னதுதான்னு வெச்சுக்க வேண்டியிருக்கும்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீ வீட்டுல டெஸ்ட் பண்ணக் கூடாது. ஒரு தடவைகூட" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அட்டையைச் சுவரிலிருந்து இறக்கினாள். கிழிக்கக் கை வரவில்லை. சுருட்டிப் பரணில் போட்டாள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கணவர் எல்லாவற்றையும் கேட்டார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஒட்டு வைப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பதினாறு வருஷமாக, "ஒட்டைக் கழட்ட விடாதீங்க, நீங்கதான் கண்டிப்பா இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பார்க்கிற கண்ணை மூடிவிட்டால் பிள்ளைக்கு உலகம் எப்படி இருக்கும் என்பது வாயில் வந்த அளவு மனசில் வந்ததில்லை. முதல் நாள் மிளகு கதவு நிலையில் மோதிக்கொண்டாள். இரண்டாம் நாள் தட்டில் எது எங்கே என்று விரலால் தடவினாள். மூன்றாம் நாள் ஒட்டைப் பிய்த்து எறிந்தாள். புருவத்து முடி நாலு கூடவே வந்தது. அம்மா புது ஒட்டு ஒட்டினாள். பிள்ளை உதைத்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். கடைசியில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள், ஆனால் ஒட்டு இருந்தது.

அழுது முடித்த ஒருநாள் மிளகு கேட்டாள்: "நீதானே பாத்தே? நல்லா இருக்குன்னு நீதானே கைதட்டினே? அப்புறம் ஏன் எனக்கு ஒட்டுற?"

அட்டையக்கா சுற்றி வளைக்கவில்லை. "அம்மா தப்பாப் பாத்துட்டேன்டி. அம்மா மேலதான் தப்பு" என்றாள். மிளகுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் ஒட்டைக் கழற்றவில்லை.

சோம்பேறிக்கு வேலை கொடுக்க வேண்டும். பழைய செய்தித்தாளைப் பரப்பி, எழுத்துகளில் இருக்கும் சுழிகளுக்குள் எல்லாம் பேனாவால் மை நிரப்பச் சொன்னாள். முதலில் தலைப்பு எழுத்து. அதுவே கோட்டைத் தாண்டி அப்பிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோப்பது, பாசிமணியை நிறம் பிரிப்பது என்று வீடு முழுக்க ஒரு பட்டறை நடந்தது. ஆறு வாரம் கழிந்தது. லென்ஸ் அண்ணன் சோதித்தார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார். இடது கண்ணில் மூன்று வரி. ஒன்றிலிருந்து மூன்று. அட்டையக்கா ஆஸ்பத்திரி மாடிப்படியில் தனியாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாவது ஆறு வாரம் முடிந்தது. மூன்று வரி. அதே மூன்று.

டாக்டரம்மா ஒட்டுப் பதிவைப் பார்த்தார். தினமும் ஆறு மணி நேரம் என்று அவள் கையால் எழுதியிருந்தது. காலை வேனில் ஏறுவதிலிருந்து பள்ளி மத்தியான இடைவேளை வரை நாலு, சாயங்காலம் வேனில் ஒன்று, வீட்டில் ஒன்று. பள்ளியில் டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறாள், வீட்டில் அவளே இருக்கிறாள். டாக்டரம்மா அடுத்த தடவை பார்ப்போம் என்று எழுதினார். அடுத்த தடவை என்பது மூன்றாவது தடவை. அன்றைக்கு அட்டையக்கா நாற்பது பிள்ளைகளைச் சோதித்தாள். ஒரு பிள்ளையின் பெயரும் நினைவில் நிற்கவில்லை.

வீட்டில் அவள் ஒவ்வொரு ஒட்டாக எடுத்துப் பார்த்தாள். கழற்றிப் போட்டவற்றை எண்ணி வைத்துக்கொள்வது அவள் வழக்கம். ஒரு நாளைக்கு ஒன்று போதும், மத்தியானம் எடுத்ததைச் சாயங்காலம் ஒரு தடவை திரும்ப ஒட்டினால் சரி. ஆனால் பசை போய், ஓரம் அழுக்காகி, இரண்டு மூன்று தடவை எடுத்து ஒட்டியதுபோல இருந்தன எல்லாம். இந்த வேலையில் இருப்பவள் கண்ணுக்கு அது தப்புமா? மிளகைக் கூப்பிட்டுக் கேட்டாள். மிளகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வேனில் மற்ற பிள்ளைகள் 'ஒட்டுக்கண்ணி' என்று கேலி செய்கிறார்கள். மிளகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வருகிறாள். ஒருநாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் அவரால் முடியவில்லை. வேனை ஓரம் கட்டி, அவரே ஒட்டைக் கழற்றி டேஷ்போர்டில் ஒட்டி வைத்தார். பள்ளி வாசலில் திரும்ப ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஆறில் இரண்டு போய்விட்டது. பசை போன ஒட்டு ஓரத்தில் பிரிந்துகொள்ள, அந்த இடுக்கு வழியாக மிளகு பள்ளியிலும் நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் சேர்த்தால் என்ன மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

"உங்களுக்கு இரக்கம் வந்துச்சு. அந்த இரக்கத்துல அவ கண்ணு போச்சுன்னா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர் நிமிர்ந்தார். "நான் ரெண்டு தடவை சொன்னேன். அப்பக் கேட்டிருந்தா இந்தச் சனியன் பிடிச்ச ஒட்டே தேவைப்பட்டிருக்காது."

மூன்று மாதமாக அவர் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. வந்த பிறகு அவருக்கே அது வேண்டாம் போலிருந்தது. அட்டையக்கா சொல்லிச் சொல்லித் தனக்குத்தானே தேய்த்துவைத்த வாக்கியம்தான் அது. கையிலிருந்த ஒட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க" என்றாள். "நான் கேக்கல. இப்ப நீங்க நான் சொல்றதக் கேளுங்க. ஆறு வாரம்தான் இருக்கு."

அன்றைக்கு இரண்டு பேருமே தப்பு செய்தவர்கள் ஆனதில் ஒரு சௌகரியம் இருந்தது. யாரும் யாரையும் பார்த்துக் கையை நீட்ட முடியாது. உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான்.

மறுநாளிலிருந்து மிளகுக்கு வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. அப்பா அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். அடுத்த நிறுத்தத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒட்டுப் போட்ட முகத்தோடு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் நிறுத்துவார். முதல் நாள் வேன் போய் நின்ற பிறகுகூட அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். நாலு நாளில் நூறு அடிக்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தாள். அப்பா சாயங்காலம் வந்து பெருமையாகச் சொன்னார். அட்டையக்கா அரிசி களைவதை நிறுத்தினாள்.

"எந்த ஸ்டாப்புல யாருன்னு அவளுக்கு மனப்பாடங்க" என்றாள்.

அவருக்கு உறைத்தது. சூடு கண்ட பூனைதான் பாலைப் பார்த்தாலும் யோசிக்கும். அதற்குப் பிறகு யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். பை நீலமா, பச்சையா? குடை விரித்திருக்கிறதா, மடக்கியிருக்கிறதா? அதை யாராலும் முன்கூட்டி மனப்பாடம் செய்ய முடியாது. மிளகு முதல் வாரம் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னாள். தப்பாகச் சொன்னால் அப்பா முகம் மாறுகிறதா என்று திரும்பிப் பார்ப்பாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, ஊகிக்காதே" என்பார். கேலி செய்த பிள்ளைகளே, வேனுக்கு முன்னால் வந்து நின்று கையிலிருப்பதை ஒளித்து ஒளித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு நாளும் கழிந்துகொண்டிருந்தது.

அவள் ஒரு நாளும் சோதிக்கவில்லை. சோதிக்கக் கை பரபரத்தது. செய்தித்தாள் சுழிகள் கோட்டுக்குள் அடங்கி வருகிற மாதிரி இருந்தது. ஆனால் அம்மா கண்ணுக்கு அப்படித் தெரிகிறதோ, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா என்று தன்னையே நம்பாமல் மடித்து வைத்தாள். பதினாறு வருஷமாக மற்றவர் பார்வையை எழுதிக் கொடுத்தவளுக்கு, தன் பார்வை மேல் நம்பிக்கை போய்விட்டது.

மூன்றாவது சோதனை நாள் வந்தது. அப்பா வேனை மதியத்துக்கு வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். லென்ஸ் அண்ணன் மிளகை உள்ளே கூட்டிப் போனார். விதிப்படி இருவரும் கதவுக்கு வெளியே பெஞ்சில். கதவு முழுக்கச் சாத்தவில்லை. அட்டையக்காவுக்குக் காது அங்கேயே இருந்தது. எந்த அட்டை மாட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. லென்ஸ் அண்ணன் அன்றைக்குப் புதிதாக ஒன்றை உறை பிரித்து எடுத்துப் போனார், வேண்டுமென்றே அவளிடம் காட்டவில்லை. அதனால் மகள் சொல்வது சரியா, தப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றே ஒன்றுதான் கண்டுபிடிக்க முடியும்: அந்தப் பழைய ராகமா, இல்லையா.

முதலில் வலது கண். கடகடவென்று ஏழு வரி. பிறகு மறைப்பு மாறுகிற சத்தம்.

"மூணு."

அட்டையக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். கணவர் அவள் கைமேல் கை வைத்தார்.

"எட்டு... அஞ்சு." ராகம் இல்லை. மெதுவாக, ஒவ்வொன்றாக, குழியில் கால் வைத்து நடப்பதுபோல வந்தது. மூன்றாவது வரி. மூன்றாவது வரிதான் போன தடவை நின்ற இடம். "ரெண்டு. ஆறு. ஒம்போது." குச்சி அட்டையில் தட்டும் சத்தம் கேட்டது. நீண்ட இடைவெளி. உள்ளே குழந்தை மூச்சு விடுகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

"நாலு," என்றாள் மிளகு. "ஏழு. அது... மூணா? இல்ல, எட்டு. அஞ்சு."

நாலாவது வரி. பிறகு ஐந்தாவது. ஐந்தாவதில் ஓர் எண்ணுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அட்டையக்காவின் வாய் தானாக அசைந்தது. எந்த எண் என்று தெரியாமலே அசைந்தது. சட்டென்று உணர்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆறாவது வரிக்குக் குச்சி போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகள் போயின.

"தெரியல அங்கிள்," என்றாள் மிளகு, வராந்தா வரைக்கும் கேட்கிற குரலில். "இதுக்குக் கீழ எனக்குத் தெரியல."

"போதும் தாயி" என்றார் லென்ஸ் அண்ணன். கதவைத் திறந்துகொண்டு அவரே வெளியே வந்தார். எப்போதும் கிலுகிலுக்கும் பையைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். "அஞ்சு வரி. அஞ்சும் சரி" என்றார். "அவ சொன்ன 'தெரியல'யும் சரி. ஏறிக்கிட்டு இருக்கு. நிக்கல."

அட்டையக்கா அழத் தொடங்கினாள். பெஞ்சிலிருந்த மற்ற அம்மாக்கள் என்னவோ கெட்ட செய்தி என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மிளகு வெளியே வந்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் அவள் நடை தயங்கியது.

"ரெண்டு வரி தெரியலன்னு சொன்னேன்," என்றாள் மெல்ல. "அதுக்கா அழற?"

"இல்லடி" என்றாள் அம்மா. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியலன்னு சொன்னே பாரு, அதுக்குத்தான். இன்னும் ரெண்டு வரியையும் நாம பாத்துக்கலாம்."

மிளகு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள், முகத்தை நிமிர்த்தினாள், வலது கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுக்காகக் காத்திருந்தாள். அன்றைக்கு இன்னும் நாலு மணி நேரம் பாக்கி இருந்தது.